இரண்டு கிழமைக்குள் சொல்ல வேண்டிய வருத்தங்கள்

என் கணவர் நல்ல மனிதராக மாறிவிட்டார் என்று இரண்டு வருடங்களாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முன்பெல்லாம் எதற்கும் எதிர்க்கதை சொல்கிறவர் அவர். வெயில் நன்றாக எறிக்கிறது என்றால் பின்னேரம் மழை வரும் என்பார். மழை வந்தால் இதெல்லாம் ஒரு மழையா என்பார். நான் மீன் வாங்கி வந்தால் அது நேற்றைய மீனாக இருக்கும். அவர் வாங்கி வந்தால் அது படகில் இருந்து துள்ளி அவருடைய பைக்குள் விழுந்ததாக இருக்கும். இருபத்தைந்து வருட வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு விஷயத்தை முதல் தடவையிலேயே அவர் ஏற்றுக்கொண்ட நாள் என் நினைவில் இல்லை.

பிறகு ஏதோ நடந்தது. எது சொன்னாலும் ஒத்துக்கொண்டு ‘ஓம்’ என்றார். என் தங்கச்சி குடும்பம் மெல்பேணில் இருந்து வந்து பத்து நாள் தங்கப்போகிறது என்றேன். ஓம். குளியலறைக்கு இளஞ்சிவப்பு அடிக்கலாமா என்றேன். ஓம், நல்லது. அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சொந்தமாக ஒரு வானும் மூன்று ஏணிகளும் வைத்திருக்கிறார். குளியலறை வெள்ளையாகவே கிடந்தது என்றாலும், வேலை அதிகம் போல என்று நான் பொறுத்துக்கொண்டேன். ஓம் சொல்லிவிட்டாரே, அதுவே பெரிது.

நாங்கள் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பே பகுதியின் கடைத்தெருவில் சனிக்கிழமைகளில் கோப்பி குடிக்கும் என் சிநேகிதிகள் இந்த மாற்றத்தின் இரகசியத்தைக் கேட்டார்கள். “வயசு போகப் போக ஆம்பிளையள் பழுத்துப்போவினம். நாங்கள்தான் பொறுமையா இருக்கோணும்” என்று நான் பெரிய ஞானி போலச் சொன்னேன். ஒருத்தி எந்தக் கோயிலில் நேர்த்தி வைத்தாய் என்று கேட்டாள். அவளுடைய புருஷன் இன்னும் காயாகவே இருந்தார்.

நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் ஒவ்வொரு வருடமும் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் சேர விரும்புகிறவர்கள் இரண்டு கிழமைக்குள் சேரலாம், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் திட்டத்தை மாற்றலாம். ஒவ்வொரு வருடமும் அதைப் பிறகு வாசிக்கலாம் என்று ஒதுக்கி வைப்பேன். ‘பிறகு’ வருவதற்குள் இரண்டு கிழமை முடிந்துவிடும்.

இந்த முறை மின்னஞ்சல் வந்த அன்றே வாசித்தேன். அதற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பித்தப்பையில் கல்.

ஒரு வருடத்துக்கு முன் வலது விலாவுக்குக் கீழே பிடித்த நோவுக்காக டொக்டரிடம் போனேன். ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டுக் கல் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்குப் பெயர் கொடுக்கலாம், ஆனால் அவசரமான கேஸ் இல்லாததால் வரிசை நீளம், அதுவரை எண்ணெய், கொழுப்பு, பொரியல் தொடக்கூடாது என்றார். நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னால் அவர் டொரொன்டோவில் இருக்கும் அக்காவுக்குச் சொல்லுவார். அக்கா இலண்டனுக்குச் சொல்லுவா. இலண்டன் மன்னாருக்குச் சொல்லும். மன்னாரில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அது போய்ச் சேரும்போது கல் புற்றுநோயாக வளர்ந்திருக்கும், என் அம்மா அழுதுகொண்டு எனக்கு போன் எடுப்பா. எனவே, கத்தோலிக்கரைக் கட்டிய சைவக்காரியான நான், வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கினேன். பிறகு செவ்வாயையும் சேர்த்தேன். விருந்துகளில் வடையும் ஆட்டிறைச்சிக் கறியும் என் முன்னால் வரும்போது கையெடுத்துக் கும்பிட்டு, “இண்டைக்கு விரதம்” என்றேன். ஒரு கட்டத்தில் கிழமையில் ஐந்து நாள் எனக்கு விரதமாக இருந்தது. முருகன் கூட ஆச்சரியப்பட்டிருப்பார்.

மின்னஞ்சல் வந்த கிழமையே காப்புறுதிக் கம்பனியில் இருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கம் சொன்னாள். சாண்ட்விச் தட்டுகளை அடுக்கி வைத்திருந்ததால் கூட்டம் நல்ல கூட்டம். மூன்று திட்டங்கள். முதலாவதில் சத்திர சிகிச்சைக்கு மட்டும் பணம் கட்டுவார்கள். ஊழியருக்கு அதை அலுவலகமே எடுத்துத் தரும். இரண்டாவதில் விசேட வைத்தியரும் பரிசோதனைகளும் சேரும். மூன்றாவதில் பல், கண், காது என்று தலையில் உள்ள எல்லா ஓட்டைகளும் அடங்கும். பெரிய திட்டம் வேண்டும் என்றாலோ, வீட்டுக்காரரைச் சேர்க்க வேண்டும் என்றாலோ சம்பளத்தில் கழிப்பார்கள்.

என் பக்கத்து மேசைத் தோழி கோயம்புத்தூர்க்காரி. எதையும் சத்தமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. கையைத் தூக்கி நாலு கேள்வி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, கேட்டீங்களா? இந்த ரெண்டு வாரத்துல சேந்தா ஏற்கனவே இருக்கிற வியாதிக்கும் உண்டாம். அப்புறம் சேந்தா பழசெல்லாம் கிடையாது. ஆனா இப்பவே எழுதிக் குடுத்துடணும். மறைச்சா பின்னாடி தகராறு.”

“எனக்கென்ன வருத்தம் இருக்கு?” என்றேன், சாண்ட்விச்சில் இருந்து சீஸைப் பிரித்து எடுத்தபடி.

“உங்களுக்கு இல்லக்கா. சாருக்கு. அம்பது தாண்டின ஆம்பளைங்க எல்லாரும் ஏதாவது ஒண்ண மறைச்சு வச்சிருப்பாங்க. நல்லா விசாரிச்சு எழுதுங்க.”

“அவர் ஒண்டையும் மறைக்கிற ஆளில்லை” என்றேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது. படிவம் இணையத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கேள்விகளை வாசித்துப் பதிலைத் தான் அடிப்பதாகச் சொன்னாள். மின்வயர் எட்டாததால் அவள் வழமையாக இருக்கும் கதிரையை விட்டு, தகப்பனுக்கு இடப்பக்கமாக, சுவரோடு போய் இருந்தாள். நான் எதிரே இருந்தேன். அவர் சோற்றில் ரசம் விட்டுக்கொண்டிருந்தார்.

“இஞ்ச ஆஸ்பத்திரி சும்மாதானே” என்று ஆரம்பித்தார். “விபத்தெண்டால் அதையும் அரசாங்கம் பாக்கும். பிறகென்னத்துக்கு இது?”

“வரிசையில காத்திருக்கோணுமப்பா.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் ஆறுதலாக் காத்திருப்பன்.”

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். வாசித்தது முழுவதும் ஆங்கிலம்தான். அவள் அப்படித்தான், நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லுவாள். இருதய நோய்? இல்லை. இரத்த அழுத்தம்? இல்லை. நீரிழிவு? இல்லை. முதுகு, முழங்கால்? “இல்லை, இல்லை. ஏணியில ஓடி ஏறுறன், பாக்கேல்லையோ?” பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும் பெடியன் மாதிரி அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது.

அடுத்த கேள்வியை மகள் திரையைப் பார்த்தபடி, குனிந்து, மெதுவான குரலில் வாசித்தாள். காது, மூக்கு, தொண்டையில் ஏதாவது பிரச்சினை உண்டா?

“ஓம்” என்றார்.

“உண்டா? எது?”

“ஓம், ஓம். நல்லது.”

மகள் நிமிர்ந்தாள். அவரை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்து, அதே குரலில், படிவம் வாசிப்பது போலவே சொன்னாள்: “அப்பா, நான் படிப்பை விட்டுவிட்டுச் சேர்க்கஸில் சேரப்போகிறேன்.”

“ஓம்” என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கியபடி.

“உங்கள் வானை விற்றுவிட்டேன்.”

“ஓம் மகள், நல்லது.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தலைக்குள் இரண்டு வருடத்து ஓம்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. தங்கச்சியின் ஓம். குளியலறையின் ஓம். போன தீபாவளிக்கு என் பக்கத்துச் சொந்தக்காரர் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்ததற்கான ஓம். நடக்கப் போகும்போது எப்போதும் சுற்றி வந்து என் இடப்பக்கமாகவே நடப்பாரே, தெருப்பக்கம் போனாலும் சரி, மதில் பக்கம் போனாலும் சரி! கார்களில் இருந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று அதையும் சிநேகிதிகளுக்குச் சொல்லியிருந்தேன். நான் அவருடைய வலது காதுக்கு நேரே வர வேண்டும் என்பதற்காக அப்படி நடந்திருக்கிறார்.

எழுந்து போய் அவருடைய வலப்பக்கத்தில் நின்றேன்.

“உங்களுக்குக் காது கேக்கிறேல்லையோ?”

அவர் கையை நிறுத்தினார். “ஆர் சொன்னது?”

“நீங்கள்தான் சொன்னனீங்கள். இப்ப. உங்கட மகள் சேர்க்கஸுக்குப் போறாவாம், நீங்கள் ஓம் எண்டு சொல்லியாச்சு.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் கோமாளி மாதிரிக் கையை ஆட்டிக் காட்டினாள். அவர் எழுந்து, கையைக் கழுவி, வெளியே வானுக்குப் போனார். திரும்பி வரும்போது நான்காக மடித்த ஒரு கடதாசி கையில் இருந்தது. மேலே பெயின்ட் விரல் அடையாளங்கள். மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் இரண்டு வருடத்துக்கு முன், நான் சப்பாத்து வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில், அங்கே இலவசமாகக் காது பரிசோதித்தார்களாம். பொழுது போக்குவதற்காகப் போய் இருந்தாராம். கடதாசியில் இரண்டு கோடுகள். வலது காதின் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இடது காதின் கோடு ஏணியில் இருந்து விழுந்தவன் மாதிரி நேரே கீழே போயிருந்தது.

“ரெண்டு வருசம்!” என்றேன். “ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீர் என்னை ஏணியில ஏற விடமாட்டீர்.”

அது உண்மை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“அதுக்காக? எல்லாத்துக்கும் ஓம் சொல்லிக்கொண்டிருந்தனீங்களோ?”

“முதல்ல ரெண்டு மூண்டு தரம் ‘என்ன, என்ன’ எண்டு கேட்டுப் பாத்தன். நீர் சினந்தீர். பிறகு ஒருநாள் சும்மா ஓம் எண்டன். நீர் சிரிச்சீர்.” அவர் தோளைக் குலுக்கினார். “நானும் பாத்தன், ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருந்தது.”

“என்ர தங்கச்சி ஆக்கள் பத்து நாள் நிண்டினமே!”

“அது, அவை வாசல்ல வந்து பெட்டியோட நிக்கேக்கதான் எனக்குத் தெரியும்.”

இதற்கு மகள் கதிரையில் இருந்து சரிந்து தரையில் போய்ப் படுத்தே விட்டாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியவள் செய்த வேலை, படிவத்தில் என் பக்கத்தைத் திறந்ததுதான்.

“இப்ப அம்மா” என்றாள். இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

நானும் இல்லை, இல்லை என்று விறுவிறுவென்று போனேன். இருதயம் இல்லை, அழுத்தம் இல்லை, காது நன்றாகவே கேட்கிறது. வயிறு, ஈரல், பித்தப்பை என்று வந்தபோது நின்றுவிட்டேன். ஒருவரை இவ்வளவு நேரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்துவிட்டு எப்படி வாயைத் திறப்பது? மறைத்தால் இந்தப் படிவத்துக்கே அர்த்தம் இல்லை.

“நீர் யோசிக்கிறீர்” என்றார் கணவர். காது கேட்காதவர்கள் முகத்தை எவ்வளவு கூர்மையாகப் பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கல்” என்றேன். “பித்தப்பையில. ஒரு வருசமா.”

அவர் கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

“அப்ப அந்த விரதம்?”

“முருகனுக்குக் கொஞ்சம். கல்லுக்கு மிச்சம்.”

“எடி ஆத்தே!” அவர் மேசையில் அடித்தார். “உம்மைப் பாத்துத்தானே நான் ஒவ்வொரு வெள்ளியும் இறைச்சியை விட்டனான்! தவக்காலத்திலயே ஒழுங்கா விடாதவன் நான். கோயில்ல சுவாமியாரிட்டப் போய், என்ர மனுசி சைவக்காரி, ஆனால் பக்தியில எங்கட ஆக்கள் எல்லாரையும் விட மேல் எண்டு சொல்லியிருக்கிறன். அவர் போன மாதம் பிரசங்கத்தில அதைச் சொன்னவர்!”

“என்னைப் பற்றியோ?”

“பேர் சொல்லேல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.”

ஒரு கத்தோலிக்கக் கோயிலில் என் பித்தப்பைக் கல்லைப் பற்றிப் பிரசங்கம் நடந்திருக்கிறது. இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். நிறுத்த முடியவில்லை. சிரித்ததில் எனக்கு விலாவுக்குக் கீழே இலேசாகப் பிடித்தது, நான் கையை வைத்து அழுத்தினேன். அவர் அதைக் கண்டுவிட்டார்.

“நோகேக்க என்ன செய்வீர்?”

“குளியலறையில போய் இருப்பன். சுடுதண்ணிப் போத்தலை வச்சுக்கொண்டு. பத்து நிமிசம், பதினைஞ்சு நிமிசம்.”

“தனியவோ?”

“ஒண்டு ரெண்டு தரம் உங்களைக் கூப்பிட்டனான்” என்றேன். “நீங்கள் ஹோல்ல டிவி பாத்துக்கொண்டிருந்தீங்கள். வரேல்லை. நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன், இல்லாட்டி எல்லாம் சொல்லவேண்டி வந்திருக்கும்.”

அவர் மடித்த கடதாசியை எடுத்து விரித்தார், மறுபடியும் மடித்தார். ஆறிப்போன ரசத்தை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் சூடாக்கினார். திரும்பி வந்து, எண்ணெய் இல்லாமல் சுட்ட அப்பளம் ஒன்றை என் தட்டில் வைத்தார். அது வரைக்கும் எங்கள் வீட்டில் அப்பளத்தைச் சுடலாம் என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

உண்மை வெளியே வந்ததும் வீட்டில் ஜனநாயகம் திரும்பி வந்தது. எந்தத் திட்டம் என்பதில் எங்களுக்குள் ஒரு கிழமை முழுக்கச் சண்டை. எனக்கு முதலாவதே போதும். கல்லை எடுக்க அது காணும். அவருக்கு மூன்றாவது வேண்டும் என்று நான் நின்றேன். இரண்டாவது காணும் என்று அவர் நின்றார்.

“விசேட டொக்டர் பாக்கட்டும். ஆனால் காதில மிசின் மாட்டமாட்டன். அது கிழவன்மாருக்கு.”

“இரண்டாவதில டொக்டர் பாத்திட்டு மிசின் மாட்டு எண்டு சொல்லுவார். மிசின் மூண்டாவதிலதான் இருக்கு. அப்ப என்ன செய்வீங்கள்?”

“ஓம் எண்டு சொல்லிட்டு வருவன்.”

கடைசியில் என் கோயம்புத்தூர்த் தோழியை போனில் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் ஐந்து நிமிடம் பேசினாள். என்ன சொன்னாள் என்பதில் பாதி எனக்கே விளங்கவில்லை, அவ்வளவு வேகம். அவர் மட்டும் கவனமாகக் கேட்டார்.

“சார், கீழ இருந்து கத்துறது உங்களுக்குக் கேக்குதா இல்லையானு தெரியாம ஏணியில நிக்கிறீங்களே, கீழ யாராவது ஏணிய நகத்தினா? மிஷின் மாட்டிட்டு ஏறுங்க. அக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஆமா, நான் சொல்றேன்ல.”

என்னைக் கேட்காமலே என் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மூன்றாவது திட்டம் என்று முடிவானது.

அதற்குள் கடைசி நாளும் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். நாலரை மணிக்கு அலுவலக மேசையில் இருந்து அவசரம் அவசரமாகப் படிவத்தில் மீதியை நிரப்பி அனுப்பினேன். அடுத்த கிழமை கடிதம் வந்தது. பெற்றோராகிய எனக்கு வாழ்த்துச் சொல்லி, என்னில் தங்கியிருக்கும் பிள்ளையை, வயது ஐம்பத்து நான்கு, திட்டத்தில் சேர்த்துக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். உறவுமுறைப் பெட்டியில் நான் தவறாக அழுத்தியிருக்கிறேன். கம்பனிக்கு போன் எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் இருந்த ஆள் இரண்டு தரம் இருமினான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. “திருத்திவிட்டேன்” என்றான் ஒருவழியாக. கணவர் மட்டும் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு என்னிடம் கைச்செலவுக்குக் காசு கேட்டார்.

வசந்தம் தொடங்கும் முன்பே ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குச் சத்திர சிகிச்சை முடிந்தது. காலையில் போனேன், மறுநாள் மதியம் வீட்டில் இருந்தேன். வயிற்றில் நாலு சின்னக் கீறல்கள். கண் விழித்தபோது அவர் கட்டிலின் இடப்பக்கத்தில், கதிரையைத் திருப்பிப் போட்டு, வலது காது என் வாய்க்கு நேரே வரும்படி இருந்தார். “தண்ணி” என்றேன், காற்றைப் போல. உடனே எழும்பினார். மன்னாரில் இருந்து டொரொன்டோ வரைக்கும் செய்தி போய்விட்டது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். என் அம்மா ஏற்கெனவே அழுது முடித்துவிட்டாவாம்.

அவருடைய காதுக்கு விசேட வைத்தியர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு காதுக்கும் மிசின் என்றார். ஒனிஹங்காவில் ஒரு பழைய வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கிழமையில் அவை வந்தன. நிலக்கடலை அளவுதான், தலைமயிருக்குள் பாதி ஒளிந்துகொண்டன. முதல் நாள் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தவர், தூரிகை சுவரில் போகும்போது சத்தம் போடுகிறது என்றார். இத்தனை வருடமாகப் போட்டதா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

அன்றில் இருந்து எதிர்க்கதையும் திரும்பியது. குளியலறைக்கு இளஞ்சிவப்பு என்றதும், “ஆருக்கு? உமக்கென்ன விசரோ?” என்றார். சிநேகிதிகளிடம் என் பழுத்த பழத்தைப் பற்றிச் சொன்னதை எல்லாம் நான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. புருஷன் காயாகவே இருக்கிறார் என்று கவலைப்பட்டவள் மிகவும் சந்தோஷப்பட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குசினிக்குள் போனவர் அசையாமல் நின்றார். பிறகு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“இஞ்சேரும், இதுக்கு ஏதோ பழுது. உறுமுது.”

“எனக்கு வித்தியாசமாத் தெரியேல்லையே.”

“உமக்கு என்ன தெரியும்? வடிவாக் கேளும்.” சுவரில் இருந்து அதை இழுத்து, பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த பாலையும் மீனையும் ஐஸ் பெட்டிக்குள் மாற்றச் சொன்னார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் திங்கட்கிழமை திருத்துகிற ஆளையும் கூப்பிட்டுவிட்டார்.

வந்தவர் பொலினேசியர், நல்ல உயரம். பிரிட்ஜில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டார். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுக் குளிரைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார், அவருடைய காதுகளுக்குப் பின்னால் இருந்த புது மிசின்களையும் கண்டார்.

“ஒன்றும் இல்லை, ப்ரோ” என்றார் மெதுவாக. “அது ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.”

என் கணவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.